குடிக்காதவனிடம் கொடுத்த சாவி

1

கல்யாண வீட்டை விட்டு நான் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் பாட்டு கொஞ்சம் தேய்ந்தது. பந்தலூருக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக்குள் போகிற ரோடு அது. தார் போட்ட இடம் பாதி, போட்டதாகச் சொன்ன இடம் பாதி. மாலைப் பனி கீழே இறங்க ஆரம்பித்திருந்தது.

மணப்பெண் என் அக்காள் பாக்கியத்தின் மகள் திவ்யா. மறுநாள் காலை முகூர்த்தம். நான் தாய்மாமன். முதல் நாள் மாலை தாய்மாமன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போவது எங்கள் பக்கத்தில் சின்னக் குற்றமல்ல. போதாததற்கு என் பேண்ட் பாக்கெட்டில் ஒரு சாவி இருந்தது. அக்காள் வீட்டின் பின்பக்கம் விறகு போட்டுவைக்கும் அறையின் சாவி. அந்த அறைக்குள் பூட்டிக் கிடந்தது, கல்யாணத்துக்கு வந்த ஆண்களின் அன்றைய மாலைப்பொழுது.

போன் அடித்தது. அக்காள் வீட்டுக்காரர் ராஜேந்திரன் அத்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. சைலண்டில் போட்டுவிட்டு நடந்தேன்.

எனக்குப் பெருமையாக இருந்தது. பாட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து நடந்துவிட்டான், அது லேசான காரியமா? அயர்லாந்துக்குத் திரும்பியதும் எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைக்கூட அடுக்கிக்கொண்டே போனேன். இரண்டாவது வளைவில், மூச்சு வாங்க நின்று, குளிருக்கு ஜெர்கின் பாக்கெட்டில் கைவிட்டபோது, கண்ணாடி தட்டுப்பட்டது.

அரை பாட்டில் ஒன்று. சமையல் மாஸ்டருக்குத் தனியாகக் கொடுக்கச் சொல்லி அத்தான் கொடுத்தது. கொடுக்க மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். நான் மறந்திருக்கலாம். கை மறக்கவில்லை.

2

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இன்னொரு சாவி.

நான் இருப்பது அயர்லாந்தில், மழைக்கு வாடகைக்கு விட்டதுபோல ஒரு சிறிய ஊர். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. கத்தி பிடிப்பேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போன பிறகு, திருப்பூர், மஸ்கட், பினாங்கு என்று நான் போகாத இடமில்லை. எந்த இடமும் என்னைப் பிடித்துவைக்கவுமில்லை. அப்பாவை அவருடைய சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து பந்தலூரில் இறக்கினார்கள். நானாக ஏறிப் போனேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் வேலை முடிந்து, ஒரு தேவாலயத்தின் பக்கத்து ஹாலுக்குப் போவேன். குடியை விட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டம். அங்கே தரும் டீயைப் பற்றித் தனியாக எழுதலாம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எனக்கு அதைக் குடிப்பது குடியை விட்டதற்கான தண்டனை என்றே பல நாள் தோன்றியது. பையைச் சுடுதண்ணீரில் முக்கி, அது சாகும்வரை வைத்திருந்து, பால் ஊற்றிக் கொடுப்பார்கள். கூடவே பிஸ்கட்.

போன வியாழன் கூட்டம் முடிந்ததும் டெக்லன் என்னைக் கூப்பிட்டார். லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர், கூட்டத்தை நடத்துகிறவர். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பாதி புரியும். மீதியைக் கையைப் பார்த்து ஊகிப்பேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் போகிறாராம். "சிவா, நீதான் இங்கே ஆடாமல் இருப்பவன். இனி ஹாலைத் திறந்து டீ போடுவது உன் பொறுப்பு" என்று சொல்லி ஒரு சாவியை நீட்டினார்.

நான் ஓரடி பின்வாங்கியதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "டீத்தூள்தானப்பா இருக்கிறது" என்றார்.

அவருக்கு எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் ஒரு முறை இப்படித்தான், நீ ஆடாதவன் என்று சொல்லித்தான் ஒரு சாவி கொடுத்தார்கள்.

3

முதலில் தன்னம்பிக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதனால் நான் பட்டது கொஞ்சமல்ல.

அயர்லாந்துக்கு வருவதற்கு முன்னால் குன்னூர் பக்கம் ஒரு குடி மறுவாழ்வு மையத்தில் என்னைச் சேர்த்தார்கள். ஒரு தடவை அல்ல. உள்ளே நுழைந்ததும் சுவரில் பெரிய சிங்கத்தின் படம், அதன் கீழே 'தன்னம்பிக்கையே மருந்து' என்ற எழுத்து. காலையில் எழுந்ததும் எல்லோரும் வரிசையாக நின்று, கையை மடக்கி, "என்னால் முடியும்" என்று கத்த வேண்டும். கை நடுங்கிக்கொண்டே கத்துவோம். அந்தக் குளிரில் சிங்கமே நடுங்கியிருக்கும்.

அங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தேன். வெளியே போகும்போது பயந்து பயந்து போனவர்கள் திரும்பி வரவே இல்லை. கறிக்கடை வழியாகப் போனால் பழைய குடிச் சேக்காளியைப் பார்க்க நேரும் என்று ஊரைச் சுற்றிப் போகிற ஆட்கள் அவர்கள். நெஞ்சை நிமிர்த்தி, "இனி பிராந்திக் கடை முன்னாடியே உட்கார்ந்து சோறு தின்பேன், தொட மாட்டேன்" என்று போனவர்கள் எல்லோரும் சோறு தின்னத்தான் போனார்கள். அப்புறம் அதே கட்டிலுக்கு வந்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திப் போன கூட்டம். ஒவ்வொரு தடவையும் என்னிடம் தன்னம்பிக்கை தளும்பிக்கொண்டிருந்தது. வழியனுப்ப வந்த டாக்டரே ஒரு முறை, "சிவலிங்கம், கொஞ்சம் இங்கயே வச்சிட்டுப் போங்க, புதுசா வர்றவங்களுக்கு ஆகும்" என்றார்.

அயர்லாந்தில்தான் குடி நின்றது. வீரத்தால் அல்ல. வேலைக்கான அனுமதி தொழிற்சாலையின் பெயரில் இருந்தது. குடித்துவிட்டுக் கத்தி பிடித்தால் அனுமதி போகும், அனுமதி போனால் மனைவி சாந்தியும் மகள் யாழினியும் வருவது நடக்காது. மேற்பார்வையாளர் ஒருநாள் என் மூச்சை மோந்துவிட்டு, ஒரு தாளில் ஹாலின் முகவரியை எழுதிக் கொடுத்தார். போனேன். பயந்துகொண்டே போனேன். அந்தப் பயம் இருந்தவரை நன்றாகவே இருந்தேன்.

4

வருஷங்கள் போனால் பயம் தேய்ந்துவிடும். அந்த இடத்தில் தன்னம்பிக்கை என்கிற பழைய வாடகைக்காரன் வந்து உட்கார்ந்துகொள்வான்.

அக்காள் மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்டுத் தொழிற்சாலை அலுவலகத்தில் நின்றேன். அங்கே இருந்த பெண், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள். அக்காள் மகள் என்றேன். "ஓ, நீங்கள் ஒரு மாமா மட்டும்தானே" என்றாள். மட்டுமா! தாய்மாமன் இல்லாமல் எங்கள் ஊரில் மணப்பெண்ணுக்கு மாலை ஏறாது, அவள் பிறந்து காது குத்தியது என் மடியில் வைத்துத்தான் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். காதைத் தொட்டு, மடியைத் தட்டிக் காட்டினேன். அவள் முகம் வெளிறியது. குழந்தையின் காதை மடியில் வைத்துக் குத்துகிற ஆளுக்கு லீவு கொடுத்து அனுப்பிவிடுவதே நல்லது என்று தோன்றியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டாள்.

சாந்தியும் யாழினியும் அயர்லாந்துக்கு வந்து சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. யாழினிக்குப் பதினாலு வயது. அவளுக்கும் கல்யாணம் என்றால் ஒரு நாள் வேலை. "நாலு நாள் என்ன பண்ணுவாங்க அப்பா?" என்று கேட்டாள். அவளுடைய தமிழ் மழையில் நனைந்த பட்டாசு மாதிரி. வெடிக்கும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது.

வரும் வழியில் விமான நிலையக் கடையில் இரண்டு பெரிய பாட்டில்கள் எடுத்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் பாட்டில் இல்லாமல் வந்தால், அவன் வெளிநாட்டில்தான் இருந்தானா, திருப்பூரில் இருந்துவிட்டு வந்தானா என்று ஊரில் சந்தேகம் வந்துவிடும். சாந்தி பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் மேட்டுப்பாளையத்துப் பெண். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"ஏனுங்க, சோப்பு, சாக்லேட்டு எல்லாம் பத்தாதுங்களா?"

"எனக்கா வாங்கறேன்? மத்தவங்களுக்குத்தானே. நான் தொடறதே இல்லயே."

"இப்ப கைல தொட்டுட்டுத்தானுங்க நிக்கறீங்க."

"கையில புடிச்சா ஏறிருமா? இத்தன வருசம் ஆச்சு. ஒரு தன்னம்பிக்கை வேணாமா?"

"அந்தத் தன்னம்பிக்கையப் பொட்டியில வெச்சுப் பூட்டி, சாவிய என்ட குடுத்துருங்க. நீங்க மட்டும் ஊருக்கு வந்தாப் போதுமுங்க."

சிரித்தேன். பாட்டில்களுக்கு என் பெட்டியில் துணி சுற்றி இடம் செய்தேன். குழந்தைக்குக்கூட நான் அவ்வளவு பக்குவமாகத் துணி சுற்றியதில்லை.

5

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் மாலை ஆண்களுக்கென்று ஒரு மறைவிடம் ஏற்பாடாகும். பெண்களுக்கு எல்லாம் தெரியும், ஆனால் தெரியாததுபோல் இருப்பார்கள், அதுதான் மறைவு. அந்த இடத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். பாட்டில்களை எண்ணி வாங்கி, பூட்டி வைத்து, மாப்பிள்ளை வீட்டாருக்குக் குறையாமல், நம் ஆட்களுக்குக் கூடாமல், சண்டை வராமல் ஊற்றிக் கொடுக்க வேண்டும். குடிக்கிறவனை வைத்தால் பந்தி ஆரம்பிக்கும் முன்னே சரக்கு தீர்ந்துவிடும். அதனால் குடிக்காத ஒருவனைத்தான் தேடிப் பிடிப்பார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பிறவியிலேயே குடிக்காதவர் இரண்டே பேர். ஒருவர் பாஸ்டர். இன்னொருவருக்குக் கண் தெரியாது.

நாலு மணிக்கு அத்தான் என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டார். அத்தான் டீ பேக்டரியில் சூப்பர்வைசர். இலையை மோந்தே தரம் சொல்வார். சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள்.

"மாப்ள, நீங்கதான் சரி. நம்ம சொந்தத்துலயே குடிய விட்டு ஜெயிச்ச ஒரே ஆளு. உங்கள நம்பி எவ்வளவு வேணா குடுக்கலாம்" என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். யாரோ கை தட்டினார்கள். அக்காள் பாக்கியம் அடுப்படி வாசலிலிருந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஒரு காலத்தில் என்னைச் சாக்கடையிலிருந்து இழுத்து வந்து குளிப்பாட்டிய அக்காள். தம்பிக்கு ஊர் கொடுத்த பட்டம் என்று நினைத்துக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். பாம்புக்கடியிலிருந்து பிழைத்தவன் என்பதால் பாம்புப் பெட்டியை என்னிடம் கொடுக்கிறார்கள் என்பது பத்துப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

யாழினி ஒருத்திக்குத் தோன்றியது. அவள் தன் அம்மாவிடம் உரக்கக் கேட்டாள். "அம்மா, அப்பாக்கு ஏன் அந்த ரூம் கீ குடுத்தாங்க? எல்லாருக்கும் பைத்தியமா?"

முற்றமே சிரித்தது. "வெளிநாட்டுப் புள்ளைக்கு நம்ம வழக்கம் தெரியல" என்றார் அத்தான். சாந்தி சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, "முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டா நாக்கு தேஞ்சா போயிருமுங்க?" என்று கேட்டுவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

நான் சாவியைச் சுழற்றிக்கொண்டு விறகறைக்குப் போனேன்.

பத்துப் பதினைந்து பேருக்கு ஊற்றியிருப்பேன். கை பழைய கணக்கை மறக்கவில்லை. டம்ளரைச் சாய்க்கிற கோணம், பாட்டில் கழுத்தை நிறுத்துகிற இடம் எல்லாம் அப்படியே இருந்தன. "ஆகா, அளவுன்னா இது அளவு" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா பாராட்டினார். பல வருஷ அனுபவம் ஐயா என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. விரல்களில் வழிந்ததைத் துணியில் துடைத்தேன். பிறகு துணியில் துடைப்பதை நிறுத்தி, பேண்ட்டில் துடைத்தேன். பிறகு துடைக்காமல் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறையில் அப்போது யாருமில்லை. விரலுக்கும் வாய்க்கும் ஒரு ஜாண் தூரம். என் மனதில் ஓடியது இதுதான்: விரலில் ஒட்டியது குடியில் சேராது. ருசி மட்டும் பார்த்து நிறுத்த முடிகிறதா என்று தெரிந்துகொண்டால் தன்னம்பிக்கை இன்னும் வளரும்.

அந்தச் சிங்கம் என் காதுக்குள் கத்தியது: உன்னால் முடியும்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் பயந்துபோனேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல்தான் என்னைக் கடைக்கு வழியனுப்பியது. விரலைச் சாக்குப் பையில் அழுத்தித் தேய்த்து, அறையைப் பூட்டி, ஜெர்கினை மாட்டிக்கொண்டு நடந்தேன். சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சாவியைக் கொடுத்தால் காரணம் கேட்பார்கள். எல்லோர் முன்னாலும் வாங்கியதை எல்லோர் முன்னாலும் 'என்னால் முடியவில்லை' என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பதைவிட, கல்யாண வீட்டை விட்டு ஓடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. தன்னம்பிக்கை உள்ளவர்களின் கஷ்டம் இது.

6

ஆக, இரண்டாவது வளைவில், ஜெர்கினில் அரை பாட்டிலோடு நின்றேன்.

அங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கிற சிமெண்ட் கூடம் ஒன்று உண்டு. உட்கார்ந்தேன். பாட்டிலை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எதிரே தேயிலை, அதற்கு அப்பால் பலா மரங்கள், அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. மைக் செட் சத்தம் கொசு மாதிரி கேட்டது. பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து யோசித்தது வழக்கறிஞர்கள் யோசிப்பதைப் போல இருந்தது. விறகறையில் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவனுக்கு ஒரு ஓய்வு உண்டு. மூடியின் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதில் தப்பில்லை. மாஸ்டருக்குப் போலிச் சரக்கைக் கொடுக்கக்கூடாதல்லவா?

மூடியைத் திருகினேன். கிறுக் என்றது.

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். கதவு திறக்கிற சத்தம் அது. வாசம் வந்தது. என் கை பாட்டிலைத் தூக்கியது. நான் தூக்கினேன் என்று எழுதுவதுதான் நியாயம்.

"சேட்டா! அங்க யாரு? அனங்காம இருங்க, அசையாதீங்க!"

டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. யானை நடமாட்டம் பார்க்க வனத்துறை வைத்திருந்த ஆள், பைஜு. கேரள எல்லையோரத்துப் பையன்கள் பேசுகிற, பாதி மலையாளம் கலந்த தமிழ். ரோட்டில் குனிந்தபடி, செருப்புச் சத்தம் வராமல் வந்தான்.

"கீழ வளைவுல ஆன நிக்குது சேட்டா. மூணு. ஒண்ணு குட்டி. பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கமே நிப்பாட்டியாச்சு. நீங்க எங்க போறீங்க?"

"சும்மா நடக்க வந்தேன்" என்றேன்.

டார்ச் வெளிச்சம் என் கைக்கு இறங்கியது. நின்றது.

"எந்தா இது? குப்பி தொறந்தாச்சா?"

"சீல் பாத்தேன்."

"சீலோ? எண்ட சேட்டா, காத்து அங்கோட்டுதான் அடிக்குது. இந்த வாசம் பிடிச்சா அது நேரா இங்க வரும். போன மழைக்கு ஒரு வீட்டுல சாராயம் இருந்ததுக்கு சுவத்தையே இடிச்சிட்டுப் போச்சு. மூடுங்க. இல்ல, மூடினாலும் வாசம் போகாது. கொட்டுங்க. ரோட்டுல வேண்டாம், அந்த ஓடையில கொட்டுங்க."

"முழுசாவா?"

என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது. கீழே யானை, எதிரே டார்ச். அந்த நேரத்தில் நான் கேட்டது, முழுசாவா.

பைஜு என்னைப் பார்த்தான். "எனக்கும் சங்கடம்தான் சேட்டா. டூட்டி இல்லேன்னா நானே வாங்கி வச்சிருப்பேன். சீக்கிரம்."

கீழே எங்கேயோ மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டது.  அவசரமாகப் பாட்டிலைக் கவிழ்த்தேன். பாதி ஓடைக்குப் போனது, பாதி என் பேண்ட்டில், ஷூவில். காலி பாட்டிலை அவன் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். வாசம் இருக்கிறதா என்று ஒரு முறை மோந்துவிட்டுத்தான் போட்டான்.

யானை வரவில்லை. வாசத்துக்கு யானை வருமா, வராதா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அன்று நான் குடிக்காததற்குக் காரணம் யானைதான். வந்திருந்த யானைகூட அல்ல. வரக்கூடும் என்ற யானை. கூட்டத்தில் சொல்வதற்கு நான் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் யானை இல்லை.

7

ஜீப் வந்தது. அத்தானும் இன்னும் நாலு பேரும். யானையிடமிருந்து என்னைக் காப்பாற்ற வந்தார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"சாவி எங்க மாப்ள?" என்று கேட்டுக்கொண்டேதான் அத்தான் இறங்கினார். "மாப்பிள்ள வீட்டு ஆளுங்க வெறும் டம்ளரக் கையில வச்சிட்டு நிக்கிறாங்க. பூட்ட ஒடைக்கலாம்னு ஆள் கெளம்பியாச்சு."

சாவியைக் கொடுத்தேன். கிட்டத்தில் வந்தவர் நின்றார். தேயிலையை மோந்தே தரம் சொல்கிற மூக்கு அது.

அவர் முகத்தில் வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது சந்தோஷம்.

"அட! தனியா வந்து கொண்டாடிட்டீங்களா? எங்கள எல்லாம் பூட்டி வச்சிட்டு, நல்லா இருக்கு நியாயம்!" என்று என் தோளில் கை போட்டார். "இப்பத்தான்யா நம்ம சிவா. நானும் பாத்தேன், வந்ததுலேருந்து வெள்ளக்காரன் மாதிரியே இருக்காரேன்னு."

"குடிக்கல அத்தான். கொட்டுனேன். யானை..."

"சரி சரி, யானதான் குடிச்சிச்சு" என்றார் பின் சீட்டில் இருந்தவர். ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. அவர்கள் சிரிப்பில் பகை இல்லை. ஒரு நிம்மதி இருந்தது. குடியை விட்டவன் ஒருவன் பக்கத்தில் இருந்தால் குடிப்பவனுக்கு உறுத்தும். அவன் விழுந்தால் பாய் விரித்துச் சேர்த்துக்கொள்வார்கள். ஊரில் எனக்கு அவ்வளவு அன்பான வரவேற்பு அதற்கு முன் கிடைத்ததில்லை.

அக்காள் வாசலிலேயே நின்றது. என்னைப் பார்த்தது, மோந்தது, உள்ளே போய்விட்டது. அக்காள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாந்தி என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனாள்.

"வாயத் தொறங்க."

போலீஸ்காரரிடம் திறப்பதுபோல் திறந்தேன். மோந்தாள். குனிந்து முழங்கால் பக்கம் மோந்தாள். மறுபடி வாய்.

"ஏனுங்க, உங்க பேண்ட்டு மட்டும் குடிச்சுதுங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். விறகறை, விரல், கூடம், பைஜு, யானை.  முடித்ததும் கேட்டாள்.

"யானைக்குப் பயந்து கொட்டுனது சரிங்க. மூடியத் தொறந்தது யாருங்க?"

"நான்தான்."

"அப்ப யானை வந்துருச்சுங்களா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்குத் தொறந்தீங்க?"

சீல் பார்க்க என்று இவளிடம் சொல்ல முடியாது. கூட்டத்தில் சொன்னால் தலையாட்டுவார்கள். இவள் மேட்டுப்பாளையம்.

"தெரியல" என்றேன்.

"தெரியும்" என்றாள். மரியாதை இல்லாமல் அவள் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை அது. "பேண்ட்ட ஊற வெச்சுட்டுப் போய்ப் படுங்க. யாழினிகிட்ட நானே சொல்லிக்கறேன்."

நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பையனின் கைலி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். விறகறைப் பக்கம் டம்ளர் சத்தம் கேட்டது. புதுப் பொறுப்பாளர் வந்துவிட்டார். அவருடைய அளவு சரியில்லை என்று படுத்தபடியே எனக்குத் தெரிந்தது.

8

காலையில் பந்தலூர் மண்டபத்தில் முகூர்த்தம். தாய்மாமனுக்குரிய மாலையைப் போட்டேன், தரவேண்டியதைத் தந்தேன், போட்டோவில் நின்றேன். திவ்யா என் காலில் விழுந்தபோது என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா மாமா?" என்று ரகசியமாகக் கேட்டாள். கல்யாணப் பெண் கேட்கிற கேள்வியா அது! அவள் வரைக்கும் போயிருக்கிறது. ஆண்கள் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்கள். பெண்கள் என்னைப் பார்க்கவில்லை. மண்டபத்துப் பின்வாசலில் ஒரு கார் டிக்கி திறந்து கிடந்தது. "மாப்ள, வாங்க, தலவலிக்கு நல்லது" என்று ஒருவர் கூப்பிட்டார். சும்மா நின்றால் இன்னும் நாலு பேர் கூப்பிடுவார்கள். எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லாமல் போன காலை அது. வெகு நாளைக்குப் பிறகு கொஞ்சம் பத்திரமாகவும் இருந்தது.

நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். மாஸ்டர் செல்லப்பன் சாம்பாருக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றார்.

"மாஸ்டர், ஏதாவது வேல குடுங்க. கையக் கட்டிட்டு நிக்க முடியல."

அவர் மேலும் கீழும் பார்த்தார். "வெளிநாட்டுக்காரரு வேல கேக்கறாரு. இருக்கட்டும்ங்க. எனக்குன்னு குடுத்துவிட்ட அரை பாட்டில் எங்கங்க?"

"ஓடையில கொட்டிட்டேன் மாஸ்டர்."

"முழுசாவா?"

அவருக்கும் அதே கேள்விதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"பரிமாற விட்டா நீங்க யாருக்கு எவ்வளவு ஊத்துவீங்களோ தெரியாது" என்றார். "என் பாட்டிலக் கொட்டுன ஆளுக்கு ஒரு வேலதான் இருக்கு. எச்ச இல எடுங்க. வாளி அங்க கெடக்குது."

 பெண்ணின் தாய்மாமனை எச்சில் இலை எடுக்கச் சொல்வது சண்டை வருகிற பேச்சு. முந்தின நாள் சாயங்காலமாக இருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். வாளியை எடுத்தேன். அந்த வேலைக்கு யாரும் கைதட்டிச் சாவி கொடுப்பதில்லை. யாரும் என்னை நம்பவும் வேண்டியதில்லை. இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது, நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேறென்ன வேண்டும்?

முதல் பந்தி முடிந்து எழுந்தவர்கள் என்னைக் கண்டு இலைக்கும் எனக்கும் நடுவில் தடுமாறினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா, நேற்று என் அளவைப் பாராட்டியவர், தன் இலையைத் தானே எடுக்கப் பார்த்தார். "விடுங்க, இது என் வேல" என்று வாங்கிக்கொண்டேன். மடித்த இலை, மடிக்காத இலை, பாயசம் வழிகிற இலை. யாழினி அந்தப் பக்கம் நின்று போனை என் பக்கம் தூக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, படம் எடுக்காமல் இறக்கிவிட்டாள்.

இரண்டாவது வரிசைக்கு வந்தேன். சாந்தி அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்து இலையை எடுத்தேன். அவள் இலையில் சோறு ஒரு பிடி மிச்சமிருந்தது. முடித்துவிட்டாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் இடது கையால் இலையின் ஓரத்தை அழுத்திப் பிடித்தாள். என் கையைப் பார்த்தாள். நடுங்குகிறதா என்று பார்த்திருக்கலாம். பிறகு நிமிர்ந்தாள்.

"எனக்கு இன்னும் மோர் வரலீங்க" என்றாள். "அடுத்த இலய எடுங்க."

எடுத்தேன்.